தாரிணி ஏன் வளரவில்லை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பீளமேட்டு வீட்டின் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். வீட்டுக்குப் பெரியவர் நாச்சிமுத்து, அவர் மனைவி சாந்தாமணி, மகன் கவின், மருமகள் யாழினி, யாழினியின் தாயார் ருக்குமணி, சென்னையிலிருந்து தொலைக்காட்சி நிறுவனம் அனுப்பியிருந்த பெனிட்டா என்ற பெண். தாங்களும் அன்று அங்கே இருந்ததாகப் பங்காளி வீட்டார் சிலர் பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரும் இல்லை.

பெனிட்டா அங்கே உட்கார்ந்திருந்தது நாச்சிமுத்துவுக்குப் பிடிக்கவில்லை. மகன் மனைவியை விட்டுப் பிரிய வேண்டும் என்கிறான். சம்பந்தியம்மாள் தாராபுரத்திலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வந்து, கொடுத்த காபியைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பேச்சில் வெளியூர்ப் பெண்ணுக்கு என்ன வேலை? பலகாரம் கொடுத்து மரியாதையாக அனுப்பிவிடு என்று அவர் மனைவிக்குக் கண் காட்டினார். யாழினி அதைக் கவனித்துவிட்டாள்.

“நான்தானுங் மாமா அவங்களை வரச் சொன்னேன்” என்றாள்.

அந்த வீட்டில் பெரியவரைக் கேட்காமல் யாரும் யாரையும் வரச் சொன்னதில்லை. சம்பந்தி முன்னால் அதைக் கிளற வேண்டாம் என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அந்த நாட்களில் தொலைக்காட்சித் தொடர்களின் நாயகனையும் நாயகியையும் எழுத்தாளர்கள் உருவாக்குவது நின்றுபோயிருந்தது. உண்மையான ஒரு கணவன் மனைவியைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வீட்டில் உள்ளங்கை அளவு கருவி ஒன்றை வைப்பார்கள். அதற்குச் செவி என்று பெயர். வீட்டில் அந்த இருவரும் பேசுவதை அது கேட்கும். கதையில் என்ன நடக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் பாடு. கல்யாணம், கடத்தல், கோமா எல்லாம் அவர்கள் வைப்பார்கள். ஆனால் நாயகன் எதற்குக் கோபப்படுவான், நாயகி எதற்கு இளகுவாள், யார் எப்போது மனம் மாறுவார்கள் என்பதெல்லாம் அந்த வீட்டுப் பேச்சிலிருந்து தானாக முளைக்கும். வீட்டில் மனிதர் மாறினால் திரையிலும் மாறுவார். எந்த வீடு என்பது ரகசியமாக இருக்கும். இப்படி எடுத்த தொடர்களைப் பார்த்தபின் பழைய மாதிரித் தொடர்களை ஜனங்கள் சீண்டவே இல்லை.

நிறுவனத்தார் நாச்சிமுத்துவைத் தேடி வந்தபோது, நல்ல குடும்பம் என்று நாலு பேர் சொன்னதால் வந்தோம் என்றார்கள். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. மூன்று தலைமுறையாகப் பம்ப் செட் செய்கிற குடும்பம். கோர்ட்டு வாசல் மிதித்ததில்லை, மரியாதைக் குறைவான பேச்சு மதில் தாண்டியதில்லை. தன் மகனும் மருமகளும் குடும்பம் நடத்துகிற விதத்தைப் பெயர் தெரியாமலாவது நாடு பார்க்கட்டும் என்று அவர் நினைத்தார். பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரே நிபந்தனைதான் போட்டார்: தம் காதில் விழாமல் ஒரு சொல்லும் வீட்டை விட்டுப் போகக்கூடாது.

அது சட்டத்திலேயே இருக்கிறது என்றார்கள் அவர்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருக்குத் தணிக்கை உரிமை உண்டு. முந்தைய நாள் பேச்சைக் கேட்டு, வேண்டாததை அவர் வெட்டலாம். வெட்டியது அந்தக் கணமே அழிந்துவிடும், நிறுவனமே நினைத்தாலும் மீட்க முடியாது. தணிக்கை செய்பவர் யார் என்று வீட்டாருக்குக்கூட நிறுவனம் சொல்லாது. கவினும் யாழினியும் அதைப் பற்றி விசாரிக்கவில்லை. கருவியே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள்.

தினமும் காலையில் குளித்துத் திருநீறு பூசியதும் நாச்சிமுத்து தம் அறைக்குள் போய்க் காதில் கருவியை மாட்டிக்கொள்வார். பூஜை மாதிரிதான் அதைச் செய்தார். மகன் பேச்சில் அவர் அதிகம் கை வைக்கவில்லை. ஆண்பிள்ளை கத்துவான், கலங்குவான், தப்பு என்று ஒத்துக்கொள்வான், அதனால் குடும்பத்துக்கு ஒன்றும் குறைந்துவிடாது. மருமகள் பேச்சு அப்படியா? வீட்டுப் பெண்ணின் வாய்ப்பேச்சைத் தெருவில் போகிறவன் எல்லாம் கேட்பதா? அவள் எதிர்த்துப் பேசினால் வெட்டினார். உரக்கச் சிரித்தால் வெட்டினார். கம்பெனி விவகாரத்தில் கணக்காக ஒரு யோசனை சொன்னால், மருமகள் பேச்சைக் கேட்டுத்தான் இந்த வீடு நடக்கிறதா என்று யாரும் நினைத்துவிடக் கூடாதென்று அதையும் வெட்டினார். சாப்பிட்டீங்களா, வர நேரமாகுமா, சரிங்க மாமா என்பவை மிஞ்சின. அவற்றைக் கேட்கும்போது அவருக்கு மருமகளைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

தொடருக்குத் ‘தாரிணி’ என்று நாயகியின் பெயரையே வைத்தார்கள். நாயகன் பெயர் அமுதன்.

ஒரு வருஷத்துக்குள் தமிழ்நாடு முழுக்க அமுதனைக் கொண்டாடியது. முதல் வாரங்களில் முன்கோபியாக, அப்பாவுக்குப் பயந்தவனாக இருந்தவன், மெல்ல மெல்ல நிதானமான ஆளானான். தப்புச் செய்தால் தானே உணர்ந்தான். யாரும் சொல்லாமலே திருந்தினான். கண்ணாடி முன் நின்று தன் பிம்பத்திடம், “நீ சொல்றது வாஸ்தவந்தான்” என்று அவன் பேசுகிற காட்சிகளுக்காகவே ஜனங்கள் காத்திருந்தார்கள். தாரிணியோ கதை தொடங்கிய அன்று எப்படி இருந்தாளோ அப்படியே இருந்தாள். கடத்தப்பட்டுத் திரும்ப வந்தவள் கணவனைப் பார்த்துச் சாப்பிட்டீங்களா என்றாள். அவன் ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோதும் அதையே கேட்டாள். பள்ளிக்கூடங்களில் வாய் திறக்காத பெண்பிள்ளைகளைத் தாரிணி என்று கேலி செய்தார்கள். இந்தப் பொம்மையிடமிருந்து அமுதனைக் காப்பாற்றுங்கள் என்று ஜனங்கள் நிறுவனத்துக்கு எழுதினார்கள்.

தொடருக்கு வித்தானவர்கள் அந்தத் தொடரைப் பார்க்காமல் இருப்பது நல்லது என்று நிறுவனம் எச்சரித்திருந்தது. நாச்சிமுத்து வீட்டில் தினமும் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தார்கள். கவின் அமுதனைப் பார்த்துப் பார்த்து அமுதன் மாதிரியே தலையைச் சாய்த்துப் பேசத் தொடங்கினான். பிறகு ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், தான் எங்கேயோ போய்விட்டதாகவும் யாழினி நின்ற இடத்திலேயே நிற்பதாகவும், இனிமேல் சேர்ந்து வாழ்வது இரண்டு பேருக்கும் நியாயமில்லை என்றும் சொன்னான். கோபமே இல்லாமல் சொன்னான். யாழினி சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்று அவள் அறைக்குள் என்ன சொன்னாளோ, மறுநாள் காலை நாச்சிமுத்து அதையும் கேட்டார். அதையும் வெட்டினார்.

அதன் பிறகுதான் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசுவதென்று இந்த ஞாயிற்றுக்கிழமையை வைத்தார்கள்.

கவின் தன் பக்கத்தை அழகாகச் சொன்னான். மனைவி மேல் குற்றமில்லை, அவள் நல்லவள், ஆனால் அவளிடம் பேச ஒன்றுமில்லை என்றான். ருக்குமணி அதைக் கேட்டு முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சின்ன வயதில் யாழினியை வாயாடி என்று வாத்தியார்கள் வகுப்புக்கு வெளியே நிறுத்தியதையும், புருஷனை இழந்த தன்னை அந்தப் பெண்ணின் பேச்சுதான் நிமிர்த்தி வைத்ததையும் சொல்லிவிட்டு, நாச்சிமுத்து பக்கம் திரும்பிக் கை கூப்பினார்.

“இந்த வீட்டுக்கு வந்து எங்க புள்ளைக்குப் பேச்சே மறந்து போச்சுங்களா அண்ணா? எங்க வளர்ப்புல கொறை இருந்தா மன்னிச்சுக்குங்க.”

நாச்சிமுத்து அந்தக் கூப்பிய கைகளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

அப்போது யாழினி பெனிட்டாவிடம், வந்த சமாச்சாரத்தைச் சொல்லச் சொன்னாள். பெனிட்டா சங்கடத்தோடு சொன்னாள். அடுத்த மாதம் தாரிணியை ஒரு விபத்தில் சாகடிக்கப்போகிறார்கள். பார்ப்பவர்கள் பொறுமை இழந்துவிட்டார்கள். மேடத்துக்கு நேரில் சொல்வதுதான் மரியாதை என்று வரவிருந்தவளை, யாழினிதான் இந்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாளாம்.

“சாகட்டுமுங்” என்றாள் யாழினி. “அவ ஏன் வளரலைன்னு மட்டும் இவங்க எல்லாருக்கும் சொல்லுங்.”

பெனிட்டா செவியை அணைத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். “ஒரு பாத்திரம் வளரணும்னா அதுக்குத் தீனி வேணும் சார். மேடத்துகிட்டேருந்து எங்களுக்கு வந்தது நாலஞ்சு வாக்கியம்தான். அதையே திரும்பத் திரும்ப.”

“அதைத்தானே நானும் சொல்றேன்” என்றான் கவின்.

“ஆனா உங்க பக்கத்துல ஒண்ணு எங்களுக்குப் புரியவே இல்ல சார். நீங்க நிறைய பதில் சொல்லியிருக்கீங்க. கேள்விதான் இல்ல. ‘நீ சொல்றது வாஸ்தவம்’னு திடீர்னு சொல்வீங்க. அதுக்கு முன்னாடி யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டாங்க. மெஷினுக்கு வேற வழி தெரியல. உங்களைக் கண்ணாடி முன்னாடி நிறுத்திடுச்சு.”

சாந்தாமணிக்கு இது விளங்கவில்லை. தன் மகன் தலை சீவக்கூடக் கண்ணாடி முன் நிற்பதில்லையே, சீவுவதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டார். கவின் மட்டும் விட்டுக்கொடுக்காமல், அதெல்லாம் தான் மனதுக்குள் யோசித்து வாய்விட்டுச் சொன்னவை, அந்த நேரங்கள் தனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன என்றான். ஜன்னல் ஓரம், மழை, எதிரே கண்ணாடி. அவன் விவரித்தது திரையில் வந்த அறை. இந்த வீட்டில் அப்படி ஒரு ஜன்னல் கிடையாது.

பெனிட்டா தலையைக் குனிந்துகொண்டு, மற்ற வீடுகளிலும் இப்படி நடக்கிறது சார், பார்க்கப் பார்க்கத் தொடர்தான் ஞாபகத்தில் நிற்கும், அதனால்தான் பார்க்காதீர்கள் என்கிறோம் என்றாள்.

யாழினி மாமனார் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

“மாமா, போன தை மாசம், அந்தப் பல்லடத்து டீலரை இவர் நாலு பேர் முன்னால திட்டிட்டு வந்தாரே, அன்னைக்கு ராத்திரி இவர் ‘வாஸ்தவந்தான்’னு சொல்றதுக்கு முன்னால பேசினது யாருங்?”

நாச்சிமுத்துவுக்குக் காது அடைத்தது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகத் தெரியும்? தெரியாது அம்மணி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. வெட்டியவை எல்லாம் அழிந்துபோனவை. பெனிட்டா வாய் திறக்கக் கூடாதென்று சட்டம் இருக்கிறது. மகனுக்கோ திரையில் வந்ததுதான் நினைவு. மருமகள் சொல்வதற்கு இந்த உலகத்தில் ஒரு சாட்சியும் இல்லை, அவரைத் தவிர. அவர் ஒப்புக்கொண்டால், ஊருக்குள் நியாயம் சொல்லப் போகிற நாச்சிமுத்து வீட்டுக்குள் என்ன செய்தார் என்பது சம்பந்தி முன்னால் வெளிப்படும். ஒப்புக்கொள்ளாவிட்டால் இந்தப் பெண் பேசத் தெரியாதவள் என்ற பெயரோடு தாராபுரம் போவாள். ருக்குமணி இன்னும் கைகளைக் கீழே இறக்கவில்லை.

உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது என்று தோன்றியது. எழுந்து நின்றார்.

“நீதான் அம்மணி” என்றார்.

“என்ன சொன்னனுங்?”

அவருக்கு அது வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருந்தது. வெட்டுவதற்கு முன்னால் மூன்று தடவை கேட்டிருந்தார். கூட்டங்களில் பேசிப் பழகிய தம் கனத்த குரலில் அதைச் சொன்னார்.

“‘அப்பா முன்னால உங்களுக்கு வாய் வர மாட்டேங்குது. அந்தக் கோபத்தையெல்லாம் உங்களுக்குக் கீழ இருக்கறவங்க மேல எறக்கி வெக்கறீங்க. ஒரு நாளாச்சும் அதை யார்கிட்டக் காட்டோணுமோ அவர்கிட்டக் காட்டுங். அன்னைக்கு உங்களைப் பெரிய மனுசன்னு சொல்றேன்.’”



“இவன் அதை முழுசாக் கேட்டான். அப்புறந்தான் ‘நீ சொல்றது வாஸ்தவந்தான், நாளைக்குப் போயி மன்னிப்புக் கேக்கறேன்’னு சொன்னான். நான் முன்னதை வெட்டிப்போட்டு, பின்னதை விட்டுட்டேன்.”

வீட்டுப் பெண்ணின் பேச்சு வெளியே போகக்கூடாது என்றுதான் எல்லாவற்றையும் வெட்டியதாக அவர் அதுவரை தமக்குத்தாமே சொல்லி வந்திருந்தார். இந்த வாக்கியங்களைத் தம் வாயாலேயே கேட்டபோது, அதில் காப்பாற்றப்பட்டது யாருடைய மானம் என்பது அவருக்கு விளங்கியது. ஆனால் ஆரம்பித்ததை நிறுத்த முடியவில்லை. ஆடி மாதம் பேசியது, அவளுடைய அப்பா திதியன்று பேசியது, பழைய மாடல் பம்பை நிறுத்திவிடலாம் என்று காரணத்தோடு எடுத்துச் சொன்னது, ஒவ்வொன்றாக வந்தது. கல்யாணமான புதிதில் நீங்க சொன்னாச் சரிங்க என்றவள், எனக்கு அது வேண்டாமுங்க என்றாள். அப்புறம், ‘ஏன்?’ என்று கேட்டாள். அதற்கும் அப்புறம், ‘ஏன்’ என்று கேட்க இனிப் பயமில்லை என்றாள். ஒரு பெண் மாதத்துக்கு மாதம் வளர்ந்து வந்ததை முதல் நாளிலிருந்து ஒன்று விடாமல் கேட்ட ஒரே ஆள் அவர்தான். கேட்ட வரிசையிலேயே அழித்தும் வந்திருக்கிறார்.

“போதுமுங் மாமா” என்றாள் யாழினி.

அவர் நிறுத்தினார். சாந்தாமணி கணவனை நிமிர்ந்து பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு, “இத்தனையும் கேட்டுக்கிட்டு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலைங்களே” என்று மட்டும் சொன்னார்.

கவின் அழுதான். அமுதன் அழுவது போல அழகாக அழவில்லை, மூக்கு ஒழுக, தோள் குலுங்க, சின்னப் பையன் போல அழுதான். தனக்கு எதுவும் ஞாபகம் வரவில்லையே, கண்ணாடிதான் ஞாபகம் வருகிறது என்று சொல்லிச் சொல்லி அழுதான். பிறகு யாழினியிடம், தான் சொன்னதையெல்லாம் மறந்துவிடச் சொன்னான். தொடரைப் பார்ப்பதையே விட்டுவிடுவதாகச் சொன்னான்.

நாச்சிமுத்துவுக்கு நெஞ்சு சற்று லேசானது. அவமானப்பட்டாலும் குடும்பம் பிழைத்தது என்று நினைத்தார். உண்மையைச் சொல்லிவிட்டோம், இனி எல்லாம் தானே சரியாகிவிடும் என்று ஒரு கணக்கு அவர் மனதில் ஓடியது.

“மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்” என்றாள் யாழினி. “கண்ணாடிக் காட்சி முதல்ல வந்த அன்னைக்கே, தினமும் காலையில நீங்க காதுல மாட்டிக் கேக்கறது எதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சுங். நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். அதுக்குள்ள இவர் முந்திக்கிட்டார். பிரியறது எனக்குச் சம்மதந்தானுங். நான் பேசினது ஒரு வார்த்தைகூட மனசுல தங்காதவர்கூட நான் எதைப் பேசி வாழறது? ஆனா இவர் சொல்ற காரணத்தோட நான் போகக்கூடாதுங். அதுக்குத்தான் கூப்பிட்டேன்.”

இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாமே அம்மணி என்று அவர் கேட்டார். வாழ்க்கையில் அவர் யாரிடமும் எதையும் அப்படிக் கேட்டதில்லை. அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, வேண்டாமுங் மாமா என்றாள். அவர் காதால் கேட்டு, வெட்டாமல் விட்ட அவளுடைய முதல் மறுப்பு அது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே தாயும் மகளும் புறப்பட்டார்கள். காரில் அனுப்பி வைப்பதாக நாச்சிமுத்து சொன்னதற்கு, பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறோம் அண்ணா என்று ருக்குமணி சொல்லிவிட்டார். பெனிட்டா வாசலில் நின்று, அழிக்காமல் வைத்திருந்தால் தாரிணி எப்படி வந்திருப்பாளோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாச்சிமுத்துவுக்கு அது தெரியும்.

நிறுவனம் சொன்னபடியே தாரிணியைக் கொன்றது. ஒப்பந்தம் முடியும்வரை கவின் மட்டும் வித்தாக இருந்தான். அமுதன் கண்ணாடி முன் வந்து நிற்பான், நின்றுகொண்டே இருப்பான், சொல்ல ஒன்றும் இருக்காது. சில வாரங்களில் ஜனங்களுக்கு அவனும் சலித்துப்போனான். தொடரை ஓசையில்லாமல் முடித்துவிட்டார்கள். அந்த வீட்டின் பெயரை நிறுவனம் வெளியிடவில்லை. இருந்தும் எப்படியோ பீளமேட்டில் அது பரவிவிட்டது.

யாழினி தாராபுரம் பக்கத்தில் பம்ப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றை எடுத்து நடத்துகிறாள் என்று கேள்வி. நாச்சிமுத்து விசாரிக்கவில்லை. விசாரிக்கிற உரிமை தமக்கு இல்லை என்று நினைத்தார்.

ஐப்பசியில் அவிநாசி சாலை மண்டபத்தில் பங்காளி வீட்டுக் கல்யாணம். கவினும் வந்திருந்தான், இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தான். பந்திக்குக் காத்திருந்தபோது கல்யாணப் பெண்ணுக்கு மாமன் முறையான ஒருவர் நாச்சிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார். எல்லாரும் பேசிக்கொள்வதைத்தான் சொன்னார். வாயில்லாப் பூச்சியாக ஒரு பெண் வந்து வாய்த்ததாம், கம்பெனியை நிமிர்த்துகிற பையனுக்கு ஈடு கொடுக்க முடியவில்லையாம், அதனால் பையன் கௌரவமாக அவளை அனுப்பி வைத்துவிட்டானாம், பெரிய இடத்துப் பிள்ளை, வேறு எப்படிச் செய்வான்.

நாச்சிமுத்து கையை விடுவித்துக்கொண்டு எழுந்து நின்றார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரல் கடைசி வரிசைவரை கேட்டது.

“நீங்க கேட்டது பொய்யுங். என்ற மருமவளுக்கு நல்லாப் பேச வரும். என்ற பையன் அவளை அனுப்பலை. அவதான் அவன் வேண்டாம்னு போனா.”